அம்மா வழியில் யாருக்காவது

தள்ளி உக்கார வேண்டாம் தம்பி. சட்டையில இருக்கறது காஞ்சுபோச்சு, உங்க மேல ஒட்டாது. என் பேரன் ரத்தம்தான். பொறந்து பதினாலு நாள் ஆகுது. உள்ள கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காங்க. ஒரு ஆளுக்கு மேல விடமாட்டேங்கிறாங்க, அந்த ஒரு ஆளையும் இப்ப வெளிய அனுப்பிட்டாங்க. அந்தா, கதவு ஓரமா செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, பச்சை துப்பட்டா, அவதான். சபுரா. என் ஒரே மக. புள்ளை பெத்த உடம்பு, உக்காருன்னா கேக்க மாட்டேங்கிறா.

உங்களுக்கு யாரு உள்ள? அண்ணன் புள்ளையா? மஞ்சக்காமாலையா? அட, அதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? லைட்டு வெளிச்சத்துல ரெண்டு நாள் போட்டா சரியாப்போகும் தம்பி. கவலைப்பட வேண்டியவன் நான்.

என் பேரு அப்துல் கனி. மரக்கடை கனின்னா எங்க ஊர்ல சின்னப்புள்ளைகூட வீட்டைக் காட்டும். பதினோரு வருசம் ஜமாத் தலைவரா இருந்திருக்கேன். புருசன் பொண்டாட்டி சண்டை, பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, எல்லாத்துக்கும் என்கிட்டதான் வருவாங்க. கனி பாய் சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சு இல்ல. அப்பேர்ப்பட்டவன் இன்னிக்குக் காலையில டீ வாங்கிட்டுப் போய் நீட்டுறேன், பெத்த மக கை நீட்டலை. என்னைப் பாத்தா பரவாயில்ல, டீயைக்கூடப் பாக்கலை. ஆறிப்போய் நானே குடிச்சேன். நான் என்ன செஞ்சேன்னு இந்தக் கோவம்? நீங்க வெளி ஆளு, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்கள்ல ஆம்பளைப் புள்ளைக்குச் சுன்னத்து பண்றது தெரியும்ல? நுனித்தோலை எடுக்கறது. தெரியும், தெரியும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. முன்னெல்லாம் அஞ்சாறு வயசுல பண்ணுவோம். புதுச்சட்டை, மாலை, குதிரை மேல உக்கார வச்சு ஊர்கோலம், பிரியாணி. சுன்னத்துக் கல்யாணம்னே பேரு. இப்ப யாரு அப்படிப் பண்றா? ஆஸ்பத்திரியிலயே பச்சைப்புள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிட்டு அரைமணி நேரத்துல கையில குடுத்துடறாங்க.

மாப்பிள்ளை அபுதாகிர் பாலிடெக்னிக்ல வாத்தியாரு. தங்கமான புள்ளை. அவருதான் ஆரம்பிச்சாரு. "இப்பவே முடிச்சிடுவோம் சபுரா. பின்னாடி பயந்து கத்துவான். இப்பன்னா அவனுக்கு ஞாபகமே இருக்காது"ன்னாரு. நியாயமான பேச்சுத்தானே? இவ வேண்டாங்கிறா. ஏன்னா, பயமா இருக்காம். எத்தனை வயசுல பண்றதுன்னு கேட்டா, பண்ணவே வேண்டாங்கிறா. "அவன் வளரட்டும், அவன் உடம்பு, அவனே முடிவு பண்ணட்டும்"ங்கிறா. எப்படி இருக்கு கதை? ஒண்ணாங்கிளாசுல எந்தப் பள்ளிக்கூடத்துல சேரணும்னு அவனையா கேக்கப் போறோம்?

நாலு நாள் இதே பேச்சு. நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன், ரூமுக்குள்ள ரெண்டு பேரும் மெதுவாப் பேசறதா நினைச்சுக்கிட்டு பேசுவாங்க.

"ஊர்ல ஒரு புள்ளைகூட அப்படி இல்ல சபுரா. பசங்க கேலி பண்ணுவாங்க. நாளைக்கு இவனுக்குப் பொண்ணு யாரு குடுப்பா?"

"பதினோரு நாள் புள்ளைக்கு இப்பவே பொண்ணு பாக்கறீங்களா?"

"எங்க அத்தா கேட்டா நான் என்ன சொல்றது?"

"எங்க அண்ணன் எப்படிச் செத்துச்சுன்னு சொல்லுங்க. அது சுன்னத்துலதானே செத்துச்சு?"

மாப்பிள்ளைகிட்ட அதைக் கேட்டா? அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அப்ப எங்க ஊரே கிடையாது. அவளும் அப்பப் பொறக்கலை. அவ பொறக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி நடந்தது அது.

காசிம்னு ஒரு மகன் இருந்தான் தம்பி எனக்கு. ஆறு வயசு. வெடுக்கு வெடுக்குன்னு பேசுவான். கடைக்கு வர்ற ஆளுங்க எல்லாரும் அவனைத்தான் முதல்ல தேடுவாங்க. அவனுக்குச் சுன்னத்துக் கல்யாணம் வச்சேன். நானூறு பேருக்குச் சாப்பாடு. காரைக்குடியில இருந்து பேண்டு செட்டு. குதிரைக்குச் சொல்லி வச்சு, அது நொண்டுதுன்னு கடைசி நேரத்துல வேற குதிரை மாத்தினேன். அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேன்.

அப்பல்லாம் டாக்டர் கிடையாது, ஒஸ்தாதான். முடி வெட்டறது, சுன்னத்துப் பண்றது எல்லாம் அவங்க குடும்பம்தான். மஸ்தான் ஒஸ்தான்னு பேரு. எனக்குப் பண்ணினது அவங்க அத்தா. ஊர்ல எல்லா வீட்டுக்கும் அவங்கதான். மகனைப் பலகையில உக்கார வச்சு, கால் ரெண்டையும் நான்தான் பிடிச்சுக்கிட்டேன். "மேல பாருடா, குருவி போகுது"ன்னேன். மேல பாத்தான். முடிஞ்சுபோச்சு. எல்லாரும் குலவை போட்டாங்க, பேண்டு அடிச்சாங்க.

ரத்தம் நிக்கலை.

சாம்பல் வச்சாரு, துணி கட்டினாரு, ஊறி வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒஸ்தா என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "கனி, நான் ஆயிரம் புள்ளைக்குப் பண்ணியிருக்கேன். இது கத்தி வெட்டின ரத்தம் இல்லப்பா. இது வேற எதுவோ. டாக்டர்ட்டத் தூக்கிட்டு ஓடு"ன்னாரு. கீழ நானூறு பேரு பந்தியில உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளைப் புள்ளையை எடுத்துக்கிட்டு எல்லாரு முன்னாடியும் ஓடினா எப்படி இருக்கும்? ரெண்டு பந்தி முடியட்டும்னு இருந்தேன். மூணு மணிக்குத்தான் கார்ல ஏத்தினோம். டவுன் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது காசிம் கண்ணு முழிச்சு, "அத்தா, குதிரை போயிருச்சா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். உள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சப்ப மௌத்தாயிட்டான்.

இருங்க, மூக்கைச் சிந்திக்கிறேன். முப்பது வருசம் ஆச்சு, இந்த இடம் வந்தா மட்டும் இப்படி ஆயிடுது.

ஒஸ்தா கை நடுங்குச்சு தம்பி. அன்னிக்கு அந்தாளு கை நடுங்குச்சு. நடுங்கின மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. அதை ஜமாத்துல சொன்னேன். பெத்தவன் வயிறு எரிஞ்சு சொன்னா யாரு மறுத்துப் பேசுவா? "குடிச்சிருந்தானா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ஊரே முடிவு பண்ணிருச்சு. அவரை எந்த வீட்டுக்கும் கூப்பிடக்கூடாது, அவங்க வீட்டுப் புள்ளைங்க மதரசாவுக்கு வரக்கூடாது, அவங்க வீட்டு மையத்தை நம்ம கபர்ஸ்தான்ல அடக்கக்கூடாது. மூணு மாசத்துல குடும்பத்தோட ஊரைவிட்டுப் போயிட்டாரு. எங்கேயோ டீக்கடையில கிளாஸ் கழுவுறதா அப்புறம் கேள்விப்பட்டேன். பாவம்தான். ஆனா ஊர் ஒரு முடிவு எடுத்தா தனி ஆளு நான் என்ன செய்ய முடியும்?

என்ன, அப்படிப் பாக்கறீங்க? சரி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. நாளைக்கு நீங்க உங்க ஊருக்குப் போயிடுவீங்க. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

சுன்னத்துக்கு முந்தின நாள் என் பொண்டாட்டி என்கிட்ட ஒண்ணு சொன்னா. மெகருன்னிசா. அவ போய் ஆறு வருசம் ஆச்சு. நல்லவ, நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினது கிடையாது. அன்னிக்குச் சமையக்கட்டுல வேலையா நின்னவ, கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து கதவைச் சாத்தினா. "நம்ம புள்ளைக்கு வேண்டாங்க"ன்னா. என்னடீன்னேன். அவ தாய்மாமன் ஒருத்தர் சுன்னத்துல ரத்தம் நிக்காமப் போயிட்டாராம். அவ தம்பி ஹனீபாவுக்குப் பல் விழுந்து மூணு நாள் ரத்தம் நிக்கலையாம். அதனால அவனுக்கு அவங்க சுன்னத்தே பண்ணலையாம்! கேளுங்க தம்பி. வெளியூர்ல போய்ப் பண்ணிட்டு வந்துட்டோம்னு சொல்லி, ஊருக்குச் சோத்தைப் போட்டு மூடிட்டாங்க அவங்க அத்தா. "நாமளும் அப்படிச் சொல்லிடலாங்க. மெட்ராஸ்ல பண்ணிட்டோம்னு சொல்லிடலாம். யாரு அவுத்துப் பாக்கப் போறா?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவறா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொண்ணு குடுக்கும்போது இதைச் சொன்னாங்களா? சுன்னத்து இல்லாத ஒருத்தன் என் நிக்காவுல என் பக்கத்துல உக்காந்து ஒரே தட்டுல கை போட்டிருக்கான். ஏமாத்தியிருக்காங்க தம்பி, குடும்பமே சேர்ந்து. நான் சொன்னேன், "உங்கப்பன் மாதிரி ஊரு முன்னாடி பொய் சொல்ற சாதி இல்ல நான்"னு. நாளைக்கு விருந்து, குதிரைக்குச் சொல்லியாச்சு, ஆளுங்க வந்து இறங்கிட்டாங்க. இவ வீட்டுச் சீக்கு என் வீட்டுக்கு எப்படி வரும்? என் ரத்தம்தானே என் மகனுக்கு? அப்படித்தான் நினைச்சேன். அப்ப யாருக்குத் தெரியும், இது பொம்பளை வழியா வந்து ஆம்பளைப் புள்ளையைப் பிடிக்கும்னு.

எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கறீங்களா? அப்புறம், ரொம்ப நாள் கழிச்சு. ஹனீபா சைக்கிள்ல இருந்து விழுந்து தலைக்குள்ள ரத்தம் கட்டிச் செத்தான், அப்ப டாக்டர் சொன்னாரு. பேரு என்னமோ சொன்னாரு. ஹீமோ... அதேதான், நீங்க சொல்றதேதான். என் பொண்டாட்டி பக்கத்துல இனி யாரும் மிச்சம் இல்லைன்னு ஆயிருச்சு. சபுரா பொட்டப்புள்ளை, அவளுக்கு ஒண்ணும் செய்யாது. பின்ன அதைப் போய் ஏன் கிளறணும்?

ஜமாத்துல ஒஸ்தா விசயம் வந்தப்ப மெகருன்னிசா உண்மையைச் சொல்றேன்னு கிளம்பினா. வாசப்படி வரைக்கும் வந்துட்டா. நான் ஒண்ணும் பண்ணலை. "படி தாண்டினா தலாக்"னு மட்டும் சொன்னேன். நின்னுட்டா. அவ்வளவுதான், அடிக்கலை, திட்டலை. அதுக்கப்புறம் ரொம்பப் பேச மாட்டா. சபுரா வயசுக்கு வந்தப்ப, "இவகிட்டயாவது சொல்லணுங்க"ன்னு ஒரு தடவை கேட்டா. சொல்லி? ரத்தச் சீக்கு உள்ள வீடுன்னு தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்? குரான் மேல கை வைக்கச் சொல்லி ஆணை வாங்கினேன். கடைசி வரைக்கும் காப்பாத்தினா. நான் சொல்றேன்ல, நல்ல பொம்பளைன்னு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு வந்து உக்காந்திருக்கேன். சபுரா புள்ளையைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி தரையில உக்காந்தா. மாப்பிள்ளை பின்னாடி நிக்கிறாரு.

"அத்தா, நாங்க ஒரு முடிவுக்கு வர முடியலை. நீங்க சொல்லுங்க"ன்னா.

"நான் என்ன சொல்ல, புள்ளை உங்களோடது"ன்னேன். அப்படித்தான் பெருந்தன்மையாச் சொன்னேன்.

"இல்லத்தா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு நீங்க என்ன சொல்றீங்களோ அதுப்படி செய்யறேன். காசிம் அண்ணன் ஒஸ்தா கைத்தப்பால்தான் போச்சா? வேற எதுவும் இல்லையே?"

தம்பி, புள்ளை தூங்கிக்கிட்டு இருந்தான். பொறந்தப்ப தொடையில ஊசி போட்ட இடம் எலுமிச்சங்காய் அளவு வீங்கி நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. பத்து நாளாச்சு, அமுங்கலை. சபுரா அதைத் தடவிக்கிட்டே கேக்கறா. நான் அதையும் பாத்தேன். ஊசி போட்டா வீங்காதா? எனக்கும் வீங்கியிருக்கு.

அந்த எடத்துல நான் என்ன சொல்லணும்கிறீங்க? பின்னாடி மாப்பிள்ளை நிக்கிறாரு. நாளைக்கு அவங்க அத்தா, "சீக்குக்காரப் பொண்ணைத் தலையில கட்டிட்டான் கனி"ன்னு கேக்க மாட்டாரா? அது கிடக்கட்டும். ஒஸ்தா? அந்தாளு மேல தப்பில்லைன்னு ஆயிருச்சுன்னா, முப்பது வருசம் கழிச்சு நான் ஜமாத்துல எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? பதினோரு வருசம் தீர்ப்பு சொன்ன ஆளு தம்பி நான்.

"ஒஸ்தா கைத்தப்புதாம்மா. வேற ஒண்ணும் இல்ல"ன்னேன்.

சபுரா என் மூஞ்சியையே பாத்தா. அப்புறம், "அல்லாஹ் மேல சத்தியமா?"ன்னா.

பெத்த அப்பனைச் சத்தியம் கேக்கற மகளைப் பாத்திருக்கீங்களா? கோவம் வந்துருச்சு எனக்கு. "என்மேல நம்பிக்கை இல்லைன்னா உன் இஷ்டம்"னு எந்திரிச்சேன். உடனே காலைப் பிடிச்சுட்டா. "நம்பறேன்த்தா, நம்பறேன். நீங்க சொன்னாச் சரி"ன்னுட்டு, மாப்பிள்ளையைப் பாத்து, "நாளைக்கே பண்ணிடலாங்க"ன்னா. பாத்தீங்களா, நான் சத்தியம் பண்ணலை. அதை அல்லாஹ் அறிவான். சத்தியம் மட்டும் நான் பண்ணலை.

நாள் பாத்து வைக்கறதெல்லாம் இல்ல, சனிக்கிழமை டவுன்ல ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். பாரம் ஒண்ணு குடுத்தாங்க. மாப்பிள்ளைதான் பேனாவை வச்சுக்கிட்டு எழுதினாரு. "குடும்பத்துல யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருக்கான்னு போட்டிருக்கு மாமா. எங்க பக்கம் யாருக்கும் இல்ல. உங்க பக்கம்?"

"இல்லைன்னு எழுதுங்க மாப்ள."

எழுதிட்டாரு. உள்ள தூக்கிட்டுப் போனாங்க. கால்மணி நேரத்துல கொண்டுவந்து குடுத்துட்டாங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. நான் அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லி எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். பாரு, நீதான் பயந்தேன்னு சபுராகிட்டச் சொன்னேன். சிரிச்சா. ரொம்ப நாள் கழிச்சு என்னைப் பாத்துச் சிரிச்சா.

சாயங்காலம் துணி மாத்தும்போது கொஞ்சம் கசிஞ்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில துணி முழுக்க. மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம், வளையத்தைக் கழட்டித் தையல் போட்டாங்க. தையல் போட்ட ஊசி ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரத்தம். அந்த டாக்டரு வெளுத்துப் போயிட்டாரு. "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, உடனே போங்க"ன்னு ஆம்புலன்சுல ஏத்திவிட்டாரு. நான்தான் மடியில வச்சிருந்தேன். அதுதான் இந்தச் சட்டை. வழியெல்லாம் சபுரா என் மடியையே பாத்துக்கிட்டு வந்தா.

நேத்து ரத்தம் ஏத்தினாங்க. டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. இங்க அந்த மிஷின் ரிப்பேராம், வேற ஊருக்கு அனுப்பியிருக்காங்க, நாளைக்குத்தான் ரிசல்ட்டாம். இன்னிக்குக் காலையில ஒரு டாக்டரம்மா வெளிய வந்துச்சு. சின்னப் பொண்ணு, தூக்கமே இல்லாத மூஞ்சி. எங்க மூணு பேரையும் நிக்க வச்சுக் கேட்டுச்சு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அம்மா வழியில யாருக்காவது ரத்தம் நிக்காம இருந்திருக்கா? தாய்மாமா, பாட்டியோட அண்ணன் தம்பி, யாருக்காவது? இருந்திருந்தா அந்த நோய்க்குன்னு மருந்து இங்கேயே இருக்கு, இப்பவே ஆரம்பிச்சிடலாம். தெரியாம நான் எதைன்னு ஏத்தறது? புள்ளை தாங்காது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்."

சபுரா திரும்பி என்னைப் பாத்தா. பாத்தா, அவ்வளவுதான்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா"ன்னேன்.

அதுல இருந்துதான் இந்த மூஞ்சி. டீ வாங்கலை. நான் கிட்டப் போனா தள்ளிப் போறா. "நீங்க சொல்லித்தானே குடுத்தேன்"னு ஒரே ஒரு தடவை சொன்னா, அதுவும் என்கிட்ட இல்ல, செவத்துக்கிட்டச் சொன்னா. மாப்பிள்ளை ரத்தம் குடுக்க ஆளு தேடி அலையறாரு, நான் தனியா இந்த பெஞ்சுல கிடக்கேன். நீங்க வரலைன்னா எனக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆளு இல்ல. இந்த வயசுல ஒரு தகப்பனை இப்படி நடத்தலாமா?

ஏன் சொல்லலைன்னா கேக்கறீங்க? யோசிக்காமலா இருப்பேன் தம்பி, உக்காந்து அதையேதான் யோசிக்கிறேன். நாளைக்கு ரிசல்ட் வந்துருது. அதுல இருந்தா மிஷின் சொன்னதா ஆயிரும். எனக்கும் அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி நானும் தலையில கை வச்சுக்குவேன். மருந்தும் ஏத்திருவாங்க. யாருக்கும் நஷ்டமில்ல. ஒரு நாள்தானே, இத்தனை நாள் பொறுத்தாச்சு. இப்பவே நான் போய் வாயைத் திறந்தா, முப்பது வருசத்தையும் சேர்த்து இழுத்துப் போடணும். காசிம், மெகருன்னிசா, ஒஸ்தா, எல்லாத்தையும். சபுரா அதைத் தாங்குவாளா? பச்சை உடம்புக்காரி. அவளுக்காகத்தான் பாக்கறேன்.

மத்தியானம் ஒரு நர்சு ரெண்டு தடவை ஓடினா. அப்புறம் பெரிய டாக்டரு உள்ள போனாரு. இன்னும் வெளிய வரலை. அவங்க பாத்துக்குவாங்க. அவங்க படிச்சவங்க.

என்ன தம்பி, எந்திரிச்சிட்டீங்க? டீ வேணுமா, இருங்க, நானே வாங்கித் தர்றேன். பேச்சு பாதியில இருக்கு. நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே, தப்பு யாரு மேலன்னு. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

தம்பி, கேண்டீன் இந்தப் பக்கம். அது டாக்டருங்க ரூமு. உங்க அண்ணன் புள்ளை வார்டுகூட இந்தப் பக்கம்தானே? தம்பி! நான் உங்களை நம்பிச் சொன்னது. நில்லுங்க, எனக்கு முட்டி வலி, உங்க வேகத்துக்கு வர முடியாது.

சரி. சரி, சொல்லுங்க. சொல்லித்தான் தீருவேன்னா சொல்லுங்க. அம்மா வழியில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும். யாரு சொன்னாங்கன்னு கேட்டா, வெளிய யாரோ பேசிக்கிட்டாங்கன்னு சொல்லிருங்க. தம்பி, கேக்குதா? கதவுல சபுரா நிக்கிறா. அவ காதுல விழாம சொல்லுங்க.